கடைசி இடத்துக்கு 1,20,000 டாலர்

ஆண்டி ஓகிள்ட்ரீ என்ற அமெரிக்க இளைஞருக்கு 2022 ஜூன் மாதம் மறக்க முடியாத மாதம். லண்டனுக்கு வடக்கே உள்ள சென்டூரியன் கிளப்பில் மூன்று நாள் நடந்த கோல்ஃப் போட்டியில் அவர் 48 பேரில் 48-ஆவதாக வந்தார். மைதானத்துக்கென வகுத்த கணக்கைவிட 24 அடி அதிகம். 2019-ல் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன் பட்டம் வென்றவருக்கு அது தலைகுனிவுதான். ஆனால் அந்தக் கடைசி இடத்துக்கு அவருக்குக் கிடைத்த பரிசு 1,20,000 டாலர். அன்றைய மதிப்பில் 90 லட்சம் ரூபாய்க்கு மேல்.

முதலிடம் பிடித்த தென்னாப்பிரிக்கர் சார்ல் ஷ்வார்ட்ஸலுக்கு 40 லட்சம் டாலர். அவருடைய அணியும் வென்றதால் இன்னொரு 7.5 லட்சம். அதே வார இறுதியில் கடலுக்கு அப்பால், டொராண்டோவில், கனடியன் ஓப்பன் நடந்தது. அதில் சுமார் 150 பேர் இறங்கினார்கள். பாதிப் பேருக்கு மேல் வெள்ளிக்கிழமை மாலையே பெட்டியைக் கட்டினார்கள், கையில் ஒரு டாலர்கூட இல்லாமல். நான்கு நாளும் ஆடி வென்ற ரோரி மெக்கில்ராய்க்குக் கிடைத்தது சுமார் 15.7 லட்சம் டாலர்.

ஓகிள்ட்ரீயின் மீதிக் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். அடுத்த போட்டிக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. ஆசியாவின் மைதானங்களில் அலைந்து, எகிப்திலும் கத்தாரிலும் இங்கிலாந்திலும் கோப்பைகள் வென்று, 2024-ல் தன் உழைப்பாலேயே அதே தொடருக்குள் மறுபடி நுழைந்தார். இந்தத் தொடருக்குப் பின்னால் இருக்கும் சவூதிப் பணம் என்றாலே சும்மா வந்த பணம் என்று பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

டொராண்டோ போட்டியை நடத்தியது பிஜிஏ டூர். அரை நூற்றாண்டாக உலகத் தொழில்முறை கோல்ஃபின் மையம் அதுதான். சென்டூரியனில் பிறந்தது லிவ் கோல்ஃப். சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் அதற்குப் பணம் போட்டது. முதல் ஆண்டின் எட்டுப் போட்டிகளுக்கு மட்டும் பரிசாக ஒதுக்கிய தொகை 25.5 கோடி டாலர்.

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள, ஒரு கோல்ஃப் வீரரின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பது தெரிய வேண்டும். கால்பந்து வீரருக்கு கிளப் சம்பளம் தருகிறது. கிரிக்கெட் வீரருக்கு வாரியத்தின் ஒப்பந்தம் இருக்கிறது. கோல்ஃப் வீரருக்கு இரண்டும் கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல் வாடகை, பையைத் தூக்கிவரும் கேடிக்கான கூலி எல்லாம் அவர் பொறுப்பு. வழக்கமான போட்டி நான்கு நாள். ஒரு நாளைக்கு 18 குழிகள், மொத்தம் 72. இரண்டாம் நாள் முடிவில் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்குப் பெயர் ‘கட்’. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் சனி, ஞாயிறு ஆடிப் பணம் பார்ப்பார்கள். கீழே இருப்பவர்கள் கைக்காசு போட்டு ஊர் திரும்ப வேண்டும். கோல்ஃப் ரசிகர்கள் இதைத்தான் இந்த விளையாட்டின் நேர்மை என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கிறது.

சட்டத்தின் கண்ணில் இந்த வீரர்கள் யாருக்கும் ஊழியர்கள் அல்ல, சுயதொழில் செய்பவர்கள். ஆனால் அந்தச் சுயதொழிலாளி, டூர் போட்டி நடக்கும் வாரத்தில் வேறு எங்காவது ஆட வேண்டுமென்றால் டூரிடம் அனுமதி வாங்க வேண்டும். பருவத்தில் 15 போட்டிகளாவது ஆடினால் அப்படி மூன்று அனுமதி கிடைக்கும். வட அமெரிக்காவில் நடக்கும் போட்டி என்றால் அதுவும் கிடையாது. சம்பளம் தராத முதலாளிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுகிற நிலை. லிவ் கைவைத்தது இந்த இடத்தில்தான்.

லிவ் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. பெயரே 54-ஐக் குறிக்கும் ரோமன் எண். அப்போது மூன்று நாள், 54 குழிகள். கோடும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. 48 பேரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்கினார்கள். நான்கு நான்கு பேராகப் பன்னிரண்டு அணிகள். மைதானத்தில் பாட்டு முழங்கும். வீரர்கள் அரைக்கால் சட்டையில்கூட ஆடலாம் என்று பிறகு விதியைத் தளர்த்தினார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, கையெழுத்துப் போட்டாலே முன்பணம். நட்சத்திர வீரர் ஃபில் மிக்கெல்சனுக்கு 20 கோடி டாலர் அளவில் பேசப்பட்டதாகச் செய்திகள் வந்தன. டைகர் வுட்ஸுக்கு 70 முதல் 80 கோடி டாலர்வரை தர முன்வந்ததாக லிவ்வின் அன்றைய தலைமை நிர்வாகி கிரெக் நார்மனே சொன்னார். வுட்ஸ் மறுத்துவிட்டார்.

நார்மனுக்கு இது பழைய கணக்கு. ஒரு காலத்தில் உலகின் முதல்நிலை வீரராக இருந்த இந்த ஆஸ்திரேலியர், 1994-லேயே ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் தொலைக்காட்சித் துணையோடு, உச்ச வீரர்கள் மட்டும் ஆடும் உலகத் தொடர் ஒன்றை அறிவித்தார். அப்போதைய டூர் ஆணையர் டிம் ஃபின்செம், போகிறவர்களை இடைநீக்கம் செய்வோம் என்றதும் திட்டம் படுத்துவிட்டது. ஆனால் 1999-ல் டூரே மற்ற நாட்டு டூர்களோடு சேர்ந்து, ஏறக்குறைய அதே சாயலில் உலக கோல்ஃப் சாம்பியன்ஷிப் தொடரைத் தொடங்கியது. யோசனை என்னுடையது, பெயர் அவர்களுக்கா என்ற குமைச்சல் நார்மனுக்குள் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. கனடாவில் வென்ற அன்று மெக்கில்ராய் அதைக் கிளறிவிட்டார். இது என் 21-ஆவது டூர் வெற்றி, இன்னொருவரைவிட ஒன்று கூடுதல் என்றார். நார்மனின் கணக்கு 20.

வேடிக்கை என்னவென்றால், பிஜிஏ டூரே ஒரு கலகத்தில் பிறந்த குழந்தை. 1968 வரை அமெரிக்காவின் போட்டிகள் பிஜிஏ ஆஃப் அமெரிக்கா என்ற சங்கத்தின் கையில் இருந்தன. அது பெரும்பாலும் கிளப்புகளில் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் சங்கம். தொலைக்காட்சியில் பணம் கொட்டத் தொடங்கியதும், ஜாக் நிக்லஸும் ஆர்னால்ட் பாமரும் முன்னின்ற ஆட்டக்காரர்கள், ஆடுவது நாங்கள், பணத்தைப் பங்கு போடுவது நீங்களா என்று கேட்டுத் தனி அமைப்பாகப் பிரிந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சமரசம் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டூர். 2022-ல் மிக்கெல்சன் கேட்டதும் அதே கேள்வி. அவர் கேட்ட இடம்தான் வேறு.

அந்த இடம் சாதாரணமானது அல்ல. 2018-ல் இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டார். பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானின் ஒப்புதலோடுதான் அது நடந்தது என அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டது, அவர் மறுத்தார். அவர்தான் முதலீட்டு நிதியத்துக்கும் தலைவர். மிக்கெல்சன் இதெல்லாம் தெரியாமல் போகவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிவந்த ஆலன் ஷிப்நக்கிடம் பேசியபோது சவூதி ஆட்சியின் கொடுமைகளைக் கடுமையான சொற்களில் பட்டியலிட்டார். அவர்களைக் காட்டி டூரை வழிக்குக் கொண்டுவரக் கிடைத்த வாய்ப்பை விட முடியாது என்றும் அதே மூச்சில் சொன்னார். 2022 பிப்ரவரியில் இது வெளியானதும் விளம்பர நிறுவனங்கள் ஓடிவிட்டன. முந்தைய ஆண்டுதான் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்று, மேஜர் எனப்படும் உச்சப் போட்டிகளில் ஒன்றை வென்ற மிக மூத்தவர் என்ற பெயரெடுத்திருந்தார். அந்தப் பட்டத்தைக் காத்துக்கொள்ளக்கூட அவர் மைதானத்துக்கு வரவில்லை.

சென்டூரியனில் முதல் பந்து பறந்த சற்று நேரத்திலேயே டூரின் கடிதம் வந்தது. லிவ்வுக்குப் போன 17 பேருக்கு டூரில் இனி இடமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டூர் ஆணையர் ஜே மோனஹன் தொலைக்காட்சியில் தோன்றி, 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உறவுகளை இழந்தவர்களை நினைவுபடுத்தினார். பிஜிஏ டூரில் இருப்பதற்காக நீங்கள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க நேர்ந்ததுண்டா என்று வீரர்களைப் பார்த்துக் கேட்டார். ஜூலையில் நியூஜெர்சி பெட்மின்ஸ்டரில் டிரம்ப்பின் மைதானத்துக்கு லிவ் வந்தபோது, அந்தக் குடும்பங்கள் அருகே கூடி எதிர்ப்புத் தெரிவித்தன. போர் அறத்தின் பெயரால் தொடங்கியிருந்தது. டூருக்கு அது பலம். பின்னால் அதுவே கழுத்தில் விழுந்தது.

ஆள் இழுப்பு நிற்கவில்லை. ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த 150-ஆவது ஓப்பனை வென்ற கேமரன் ஸ்மித், அடுத்த மாதமே லிவ்வில் சேர்ந்தார். அவரோடு இந்தியாவின் அனிர்பன் லாஹிரியும் போனார். பெங்களூருவைத் தளமாகக் கொண்டு வளர்ந்த லாஹிரி, அந்த மார்ச்சில்தான் டூரின் மிகப் பெரிய போட்டியான பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் இரண்டாவதாக வந்து 21.8 லட்சம் டாலர் பெற்றிருந்தார். லிவ்வில் ஆடிய முதல் போட்டியிலேயே, பாஸ்டன் அருகே, டஸ்டின் ஜான்சனோடு சமநிலைத் தீர்வு ஆட்டம்வரை போய்த் தோற்றார். அடுத்த ஆண்டு அவர் இருந்த கிரஷர்ஸ் அணி சாம்பியன் ஆனது.

சண்டை நீதிமன்றத்துக்கும் போனது. ஆகஸ்டில் மிக்கெல்சன் உள்ளிட்ட 11 பேர், டூர் ஏகபோகமாக நடந்துகொள்கிறது என்று வழக்குப் போட்டார்கள். டூர் எதிர்வழக்குப் போட்டது. அமெரிக்க நீதித்துறையும் டூரை விசாரிக்கத் தொடங்கியது. வழக்கு வளர வளர இரு பக்கமும் வியர்த்தது. நிதியத்தின் ஆளுநர் யாசிர் அல்-ருமய்யான் ஆவணங்களைத் தந்து வாக்குமூலமும் அளிக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் நீதிபதி சொன்னார். ரியாத்துக்கு அது பிடிக்கவில்லை. டூருக்கோ வக்கீல் செலவும் பரிசுத்தொகையை ஏற்றிக்கொண்டே போக வேண்டிய நெருக்கடியும் ஒன்றாகச் சேர்ந்து கழுத்தை நெரித்தன.

2023 ஜூன் 6 காலை. மோனஹனும் அல்-ருமய்யானும் தொலைக்காட்சி ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒன்று சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். வழக்குகள் வாபஸ். வணிகத்துக்குப் புதிய பொது நிறுவனம், அதற்கு அல்-ருமய்யான் தலைவர். டூரின் வீரர்களில் பெரும்பாலானோர் இதை ட்விட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கோடிகளை உதறிவிட்டு டூருக்காக ஓராண்டு வாதாடிய மெக்கில்ராய், தன்னைப் பலிகொடுத்துவிட்டது போல் உணர்வதாகச் சொன்னார். செப்டம்பர் 11 குடும்பங்களின் சங்கம் மோனஹனைக் கடுமையாகக் கண்டித்தது. என்னை வேடதாரி என்று சொல்வார்கள், தெரியும் என்று மோனஹனும் ஒப்புக்கொண்டார். வேறென்ன சொல்ல முடியும்?

அமெரிக்க செனட் விசாரணைக் குழு ஆவணங்களை வெளியே இழுத்துப் போட்டது. வுட்ஸுக்கும் மெக்கில்ராய்க்கும் லிவ்வில் ஓர் அணி தரலாம் என்ற யோசனை அதில் இருந்தது. நார்மனை வீட்டுக்கு அனுப்புவது பற்றியும் பேச்சு இருந்தது. ஒப்பந்தத்தை முடிக்க விதித்த கெடு 2023 டிசம்பர் 31. ஒருவர் ஆட்டக்காரரை மற்றவர் இழுக்கக் கூடாது என்ற பிரிவு, நீதித்துறையின் கண்ணில் பட்டதால் ஜூலையிலேயே நீக்கப்பட்டது. அந்தக் கதவு வழியாக டிசம்பரில் ஜான் ராம் வெளியேறினார். அந்த ஆண்டின் மாஸ்டர்ஸ் சாம்பியன் அவர். 30 கோடி டாலருக்கு மேல் என்றன செய்திகள். கெடு போனது, ஒப்பந்தமும் வரவில்லை. 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் அதிபர் டிரம்ப் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியும் முடிச்சு அவிழவில்லை.

டூர் வேறு பணப்பெட்டியைத் தேடிக்கொண்டது. 2024 ஜனவரியில், பாஸ்டன் ரெட் சாக்ஸ், லிவர்பூல் அணிகளை வைத்திருக்கும் ஃபென்வே குழுமத்தின் தலைமையில் அமெரிக்கச் செல்வந்தர்கள் கூடி 300 கோடி டாலர்வரை தர முன்வந்தார்கள். முதல் தவணை 150 கோடி. லிவ்வைப் பார்த்து டூர் தன்னையும் மாற்றிக்கொண்டது. 2021-ல் 1.5 கோடி டாலராக இருந்த பிளேயர்ஸ் பரிசு 2023-ல் 2.5 கோடியானது. ஆட்கள் குறைவு, பரிசு 2 கோடி டாலர் என்ற வகையில் சிறப்புப் போட்டிகள் பிறந்தன. அவற்றில் பலவற்றில் ‘கட்’ கிடையாது. லிவ்வின் எந்த அம்சத்தைக் கேலி செய்தார்களோ அதுவே நாகரிகமான சட்டை போட்டுக்கொண்டு டூருக்குள் வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2007-ல் ஜீ குழுமம் ஐசிஎல் என்ற டி20 தொடரைத் தொடங்கியது. அதன் முதல் கோப்பையை வென்றதே சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணிதான். போனவர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் தடை விதித்தது. அடுத்த ஆண்டே ஐபிஎல்லைத் தொடங்கி அதே யோசனையைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஐசிஎல் இரண்டே ஆண்டில் உயிரை விட்டது. ஹேமங் பதானி போன்றவர்கள் மன்னிப்புப் பெற்றுத் திரும்பினார்கள். ஆனால் ஐசிஎல்லின் பின்னால் ஓர் அரசின் கஜானா இல்லை. லிவ்வுக்கு இருந்தது. பிரிட்டனில் பதிவான லிவ் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குக்கு மட்டும், 2024-ல் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. வேறு எந்த முதலாளியும் கடையை மூடியிருப்பார்.

அவ்வளவு பணத்தாலும் வாங்க முடியாத ஒன்று இருந்தது. கோல்ஃபின் உச்சமான நான்கு மேஜர் போட்டிகள் டூருக்கும் சொந்தமில்லை, லிவ்வுக்கும் சொந்தமில்லை. மாஸ்டர்ஸை நடத்துவது அகஸ்டா நேஷனல் கிளப். ஓப்பனுக்கு ஆர் அண்ட் ஏ, யூஎஸ் ஓப்பனுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம், பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு அந்தப் பழைய ஆசிரியர் சங்கம். மேஜருக்குள் நுழையப் பலருக்கு உலகத் தரவரிசைதான் வழி. லிவ்வில் புதியவர் வரவும் பழையவர் போகவும் வழி குறைவு என்று சொல்லி, 2023 அக்டோபரில் தரவரிசைக் குழு புள்ளி தர மறுத்தது. லிவ் வீரர்கள் பட்டியலில் சரிந்தார்கள்.

மைதானத்தில் அவர்கள் சரியவில்லை. 2023-ல் புரூக்ஸ் கெப்கா பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்று, லிவ்வில் இருந்துகொண்டே மேஜர் வென்ற முதல் வீரரானார். அடுத்த ஆண்டு பைன்ஹர்ஸ்டில் யூஎஸ் ஓப்பனின் கடைசிக் குழி. மெக்கில்ராய் சின்னத் தூரப் பந்தைத் தவறவிட்டுவிட்டு நிற்கிறார். பிரைசன் டிஷாம்போ 55 கெஜம் தள்ளி மணல்குழியில் சிக்கியிருக்கிறார். அங்கிருந்து தூக்கிய பந்து குழிக்குச் சில அடி தூரத்தில் வந்து நின்றது, கோப்பை லிவ்வுக்கு. அந்த ஆண்டின் ஆகச் சிறந்த கோல்ஃப் நாடகம் அது. இரண்டு பக்கமும் ஒரே புல்லில் நின்றதால்தான் அது நடந்தது. மற்ற வாரங்களில் ரசிகர் பாதி நடிகர்கள் இல்லாத படத்தையே பார்க்க வேண்டியிருந்தது. அடிலெய்டில் லிவ்வுக்குக் கூட்டம் அலைமோதியது உண்மை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கதை வேறு. 2025 ஏப்ரலில் மயாமியில் நடந்த லிவ் இறுதி நாளைச் சராசரியாக ஐந்து லட்சத்துக்கும் குறைவானோர் பார்த்தார்கள். அன்றே டெக்சஸில் நடந்த டூரின் நடுத்தரப் போட்டிக்கு 17 லட்சம் பேர்.

ஆதாயம் யாருக்கு என்று பார்த்தால் விடை எளிது: இரு பக்கத்து உச்ச நட்சத்திரங்களுக்கு. ஸ்காட்டி ஷெஃப்லர் லிவ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் 2024-ல் டூர் பரிசாக 2.9 கோடி டாலரும், ஆண்டுக் கோப்பைக்கு 2.5 கோடியும் வாங்கினார். அந்த ஏற்றத்துக்கு லிவ்வுக்கும் அவர் ஒரு நன்றி சொல்லலாம். டூர் தன் விசுவாசிகளுக்கு நிறுவனப் பங்காகப் பிரித்துத் தந்த முதல் 93 கோடி டாலரில் 75 கோடி வெறும் 36 பேருக்குப் போனது. அடுத்த 64 பேருக்குச் சேர்த்து 7.5 கோடி. பணத்துக்கு ஆசைப்பட்டு ஓடாமல் நின்ற நடுத்தர வீரருக்குக் கிடைத்த மரியாதை இந்த அளவுதான்.

2025 டிசம்பரில் கெப்கா லிவ்வை விட்டு விலகினார். சில வாரங்களில் டூர் அவருக்குக் கதவு திறந்தது. அண்மை ஆண்டுகளில் மேஜர் வென்றவர்கள் திரும்பலாம் என்று தனித் திட்டம் போட்டார்கள். 50 லட்சம் டாலர் நன்கொடை தர வேண்டும், ஐந்து ஆண்டுக்குப் பங்குப் பலன் கிடையாது, 2026-ல் ஆண்டுக் கோப்பைப் பணமும் கிடையாது என்பவை நிபந்தனைகள். ராம், டிஷாம்போ, ஸ்மித் ஆகியோருக்கும் அதே அழைப்பு போனது. மூவரும் லிவ்விலேயே நின்றார்கள். லிவ்வோ, 2026 முதல் தன் போட்டிகளை மூன்று நாளிலிருந்து நான்கு நாளாக, 72 குழிகளாக மாற்றிக்கொண்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

கெப்கா வருவதால் எந்த உறுப்பினரின் இடமும் பறிபோகாது, போட்டிகளில் அவரைக் கூடுதல் ஆளாகத்தான் சேர்ப்போம் என்று டூர் உறுதி கொடுத்தது. ஆண்டு முழுக்க ஆடும் உரிமையை முதல் 125 பேருக்குத் தந்துவந்த பழைய வழக்கம் மாறி, 100 பேருக்கு மட்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் அதே பருவத்தில்தான்.